முதல் நிமிஷமும் பழகிய கையும்

உலகில் மனிதன் செய்யும் காரியங்களுள் பிறர் உதவியின்றியே செய்வது மூச்சு விடுதல் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நடப்பதற்கும் பேசுவதற்கும் தாய் கை கொடுக்கிறாள். எழுதுவதற்கும் எண்ணுவதற்கும் ஆசிரியர் கை கொடுக்கிறார். மூச்சுக்கு மட்டும் ஒருவர் கையும் வேண்டியதில்லை என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. நூறு சிசுக்கள் பிறந்தால், அவற்றுள் ஏறத்தாழ 85 சிசுக்களைப் பொறுத்தமட்டில் அந்நம்பிக்கை மெய்யேயாகும். அவை பிறந்த அரை நிமிஷத்துக்குள் தாமாகவே காற்றை இழுத்து, வீடு அதிர அழுகின்றன. இன்னும் 10 சிசுக்கள் ஈரத்தைத் துடைத்து முதுகை வருடிய அளவில் அழத் தொடங்குகின்றன. எஞ்சிய 5 சிசுக்களோ, ஒருவர் அருகில் நின்று அவற்றின் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினாலன்றிப் பிழைப்பது உறுதியன்று. அந்த ஐந்து சிசுக்களுக்காகவும், அவற்றின் அருகில் நிற்கும் கைகளுக்காகவும் எழுதப்படுவதே இக்கட்டுரை.

யான் மருத்துவன் அல்லேன். இக்கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். எனினும் இவ்விஷயத்தைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணங்கள் இரண்டு. நம் பழைய மாணவ மாணவியருட் பலர் இன்று தாதியராகவும் மருத்துவராகவும், ஆஸ்பத்திரிகளின் கணக்கையும் நிர்வாகத்தையும் கவனிப்பவராகவும் பல ஊர்களில் இருக்கின்றனர். அவர்கள் கண்ணில் இப்பக்கங்கள் படும் என்பது ஒன்று. மற்றொன்று என் குடும்பத்தைச் சார்ந்தது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் என் தமக்கைக்குத் தலைப்பிரசவம். தாய்மாமன் என்ற உரிமையோடு யானும் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்திற் காத்திருந்தேன். பின்னிரவில் குழந்தை பிறந்துவிட்டதென்று அறிந்தோம். ஆயின் அழுகுரல் கேட்கவில்லை. ஒரு தாதி வெளியே ஓடிவந்து, "சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த அறைக்குள் ஓடினார். குழந்தைக்குக் காற்றுச் செலுத்தும் பை அலமாரிக்குள் இருந்தது, அலமாரியோ பூட்டியிருந்தது. பூட்டைத் திறந்தபின்னும், பையோடு கிடந்த முகமூடி பெரியவர்களுக்குரியது. பச்சிளங்குழந்தையின் முகத்தில் அது பொருந்தவில்லை. குழந்தை முதற்குரல் எடுத்தபோது தாழ்வாரத்துக் கடிகாரத்தில் எட்டு நிமிஷங்கள் கழிந்திருந்தன. குரல் கேட்ட மகிழ்ச்சியில் கடவுளுக்கு நன்றி செலுத்தினோம். அந்த எட்டு நிமிஷங்களுக்கு என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்பதை அப்போது நாங்கள் அறியோம். இன்று அவனுக்குப் பதினாறு வயது. கால்கள் அவனைத் தாங்குவதில்லை. உணவை எடுத்து உண்ண விரல்கள் இணங்குவதில்லை. பிறந்தபோது மூளைக்குப் பிராணவாயு எட்டாமற்போனதன் விளைவு இது என்று பின்னர் மருத்துவர் கூறினர். கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக்கணக்குகளை ஒன்றுவிடாமற் சொல்வான். யான் தவறாகச் சொன்னால் வாய்விட்டுச் சிரித்துத் திருத்துவான்.

அந்தத் தாதியை யான் குறை கூறேன். விடியுமுன் அவர் மாடிப்படியில் தனியே அமர்ந்து அழுததைக் கண்டேன். அவர் கல்நெஞ்சரும் அல்லர், சோம்பேறியும் அல்லர். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவரையும், அவர் கைக்கருவியையும் யாரும் ஆயத்தம் செய்து வைக்கவில்லை. குறை ஏற்பாட்டினுடையது; பழி மட்டும் தனிமனிதருடையதாகிறது. இதனை முதலிலேயே சொல்லி வைப்பது நலம். ஏனெனில் இக்கட்டுரை முழுவதும் இக்கருத்தையே சுற்றி வரும்.

பிறப்பின்போது உடலுக்குள் நிகழ்வது யாது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். கருவில் இருக்கும் சிசுவின் நுரையீரல் காற்றுக்குப் பதிலாக நீரால் நிறைந்திருக்கிறது. அதற்கு வேண்டிய பிராணவாயு முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியே வருகிறது. ஆகையால் சிசுவின் இரத்தம் நுரையீரலுக்குச் சிறு பகுதியே சென்று, பெரும்பகுதி இருதயத்தின் அறைகளுக்கிடையே உள்ள ஒரு துவாரத்தின் வழியாகவும், பெருங்குழாய்களை இணைக்கும் ஒரு கால்வாயின் வழியாகவும் குறுக்கே சென்றுவிடுகிறது. பிறந்தவுடன் இந்த அமைப்பு முழுவதும் சில கணங்களில் மாறியாக வேண்டும். முதல் மூச்சின் வலிமையால் நீர் பின்வாங்குகிறது, காற்றறைகள் விரிகின்றன, அவற்றைச் சூழ்ந்த இரத்தக்குழாய்கள் திறந்துகொள்கின்றன, இரத்தம் புதுவழியிற் பாய்கிறது. மனிதன் தன் ஆயுள் முழுவதும் சந்திக்கும் மாறுதல்களுள் இதனினும் பெரியது வேறொன்று உண்டோ என்பது ஐயமே. இம்மாறுதலின் திறவுகோல் காற்று நுரையீரலுக்குள் புகுதலே. காற்றுப் புகாவிடின் மற்றவை எவையும் நிகழா.

பிராணவாயு குறைந்த சிசு முதலில் வேகமாக மூச்சுக்கு முயல்கிறது. பின்பு முயற்சியை நிறுத்திவிடுகிறது. இந்த முதல் ஓய்வில் உடலைத் துடைத்து முதுகைத் தேய்த்தால் அது மீண்டும் மூச்சிழுக்கும். குறை நீடித்தால், சில முறை ஏங்கி ஏங்கி மூச்செடுத்து இரண்டாம் முறையாக ஓய்ந்துவிடுகிறது. இந்த இரண்டாம் ஓய்வில் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. பிறர் காற்றைச் செலுத்தினால்தான் அது மீளும். நம் கண்முன் கிடக்கும் சிசு முதல் ஓய்வில் இருக்கிறதா, இரண்டாம் ஓய்வில் இருக்கிறதா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எவராலும் சொல்ல இயலாது. ஆதலால் சில விநாடிகள் தேய்த்துப் பார்த்து, அழவில்லையெனில் காலம் போக்காது காற்றைச் செலுத்தத் தொடங்குவதே விதி. பிறந்த முதல் நிமிஷத்துக்குள் இது தொடங்கிவிட வேண்டும். இதனாலேயே அதனைப் பொன் நிமிஷம் என்று இத்துறையினர் அழைக்கின்றனர்.

குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைவதையும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதையும் சினிமாக்களில் நாம் கண்டிருக்கிறோம். இவை பயனற்றவை, தீங்கும் விளைப்பவை. சரியான முறை மிக எளிது. உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்துணியை நீக்கிக் கதகதப்பாக வைத்தல், வாயிலும் மூக்கிலும் அடைப்பிருந்தால் மட்டும் அகற்றுதல், முதுகை வருடுதல், அழவில்லையெனில் தொப்புள்கொடியைக் கட்டி அறுத்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, வாயும் மூக்கும் அடங்குமாறு சிறு முகமூடியைப் பொருத்தி, நிமிஷத்துக்கு 40 முறை பையை மெல்ல அழுத்துதல். மார்பு எழுகிறதா என்பதே சோதனை. எழவில்லையெனில் முகமூடியைத் திரும்பப் பொருத்தி, தலையின் நிலையைச் சரிசெய்து, வாயைச் சற்றுத் திறந்து, மறுபடி அழுத்த வேண்டும். மாதம் நிறைந்த குழந்தைக்குத் தொடக்கத்தில் பிராணவாயு உருளையும் வேண்டியதில்லை. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே போதும்.

இவ்வறிவு ஒரே நாளில் வந்ததன்று. பல காலம் பிரசவ அறையில் அனைவருடைய கவனமும் தாயின்மேலேயே இருந்தது. மூச்சற்ற சிசு ஓர் ஓரத்திற் கிடத்தப்பட்டது. 1952-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மயக்கமருந்து நிபுணராயிருந்த டாக்டர் வர்ஜீனியா அப்கார் என்னும் அம்மையார், நிறம், நாடி, தூண்டுதலுக்கு முகஞ்சுளித்தல், தசைமுறுக்கு, மூச்சு ஆகிய ஐந்தையும் கொண்டு ஒவ்வொரு சிசுவுக்கும் மதிப்பெண் இடும் முறையை அறிவித்தார். அதுமுதல், பிறந்த ஒவ்வொரு சிசுவையும் ஒருவர் நின்று பார்த்தே தீரவேண்டும் என்றாயிற்று. 1956-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஹென்னிங் ரூபனும் எஞ்சினீயர் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் ஆக்கிய, அழுத்திவிட்டால் தானே விரிந்து காற்றை நிரப்பிக்கொள்ளும் ஆம்பு பை விற்பனைக்கு வந்தது. நார்வே நாட்டில் விளையாட்டுப் பொம்மை செய்துவந்த ஆஸ்மண்ட் லேர்டல் என்பவர் 1960-ஆம் ஆண்டில் மூச்சு மீட்கும் பயிற்சிக்கென்று ஒரு பொம்மை செய்தார். அவர் நிறுவனத்தின் வழியில் வந்ததே, தண்ணீர் நிரப்பினால் உண்மைச் சிசுவின் எடையும் தொய்வும் கொள்ளும் நியோநேட்டலி என்னும் இன்றைய பயிற்சிப் பொம்மை.

கருவியும் உண்டு, முறையும் எளிது. பின்னும் குழந்தைகள் இறப்பானேன்? 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் சிசுக்கள் பிறந்த முதல் மாதத்துக்குள் மாண்டன. பிறக்கும்போது நேரும் மூச்சுத்திணறல் அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. முன்னாளில், பிரசவம் வீட்டில் நடப்பதே காரணம் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100-க்கு 88 பிரசவங்களுக்கு மேலாகவும், தமிழ்நாட்டில் 99-க்கு மேலாகவும் ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன. தாய்மார் தம் பங்கைச் செய்துவிட்டனர், வாசல்வரை வந்துவிட்டனர். இனி வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

உள்ளே இருப்பவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் முயற்சிகள் நடக்காமலில்லை. 2009-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் நவஜாத சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் இரண்டு நாட் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முதலியோர், ஏழை நாடுகளின் தாதியரை மனத்திற்கொண்டு, படங்களும் பொம்மையும் கொண்ட ஹெல்பிங் பேபீஸ் ப்ரீத் என்னும் பாடமுறையை வெளியிட்டனர். டான்ஸானியாவில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இப்பயிற்சி அளித்தபின், முதல் 24 மணி நேரத்துக்குள் நேரும் சிசு மரணம் 47 சதவிகிதம் குறைந்ததென்று 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. அதே ஆண்டில் கர்நாடகத்தின் பெலகாவிப் பகுதியிலிருந்து வந்த முடிவு இருமுகமானது. பிரசவத்தை ஒட்டி இறந்து பிறந்தனவாகக் கணக்கிடப்பட்ட சிசுக்களின் விகிதம் 100-க்கு 1.7-லிருந்து 0.9-ஆகக் குறைந்தது, ஆனால் பிறந்தபின் முதல் மாதத்தில் நேரும் மரணம் குறையவில்லை. இறந்து பிறந்ததென்று ஒதுக்கப்பட்டவற்றுட் சில, காற்றுக்காகக் காத்திருந்த உயிர்களே என்று கொள்ள இதில் இடமுண்டு. பயிற்சி ஒன்றே எல்லா மரணத்தையும் தடுக்காது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இவற்றினும் நம் சிந்தனைக்கு உரியது டான்ஸானியாவின் வடபகுதியில் உள்ள ஹைடம் லுத்தரன் ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தது. நாட்டுப்புறத்தில் மிஷனரிமார் நிறுவிய வைத்தியசாலை அது. அங்கே தாதியருக்கு ஒரு நாட் பயிற்சி அளித்தனர். மாதங்கள் சென்றபின் பொம்மையின்மேல் செய்து காட்டச் சொன்னபோது, அவர்கள் முன்னையினும் நன்றாகவே செய்தனர். ஆனால் பிரசவ அறையில் அவர்கள் உண்மைச் சிசுக்களைக் கையாண்ட விதத்தை அருகிலிருந்து குறித்துப் பார்த்தபோது, அதில் மாறுதல் ஏதும் காணப்படவில்லை. பரீட்சையில் தேறிய கை பிரசவ அறையில் தேறவில்லை. ஆராய்ச்சியாளர் இம்முடிவை மறையாது 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. ஒரு நாள் மட்டும் அடுப்பேறிய சுரைக்காயும் அவ்வாறே போலும்!

இது அயல்நாட்டுக்கே உரிய குறையா என்று அறிய விரும்பி, நம் கல்லூரியில் விலங்கியல் பயின்று, பின்னர் செவிலியர் படிப்பும் முடித்து, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திற் பணிபுரியும் என் பழைய மாணவியைக் கேட்டேன். அவர் சொன்னார்: "ஸார், இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். பொம்மையின்மேல் செய்து காட்டினேன், சான்றிதழும் கொடுத்தார்கள். பிறகு ஏழு மாதம் என் கையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அது தேவைப்படவில்லை. எட்டாம் மாதம் ஒரு குழந்தைக்குத் தேவைப்பட்டது. முகமூடியை வைத்தேன், பையை அழுத்தினேன், மார்பு எழவில்லை. ஓரத்தில் காற்று கசிகிறது என்று அறிவுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை." அன்று அருகிலிருந்த மூத்த தாதி முகமூடியை வாங்கிப் பொருத்தவே குழந்தை பிழைத்தது. "அக்கா இல்லாத இரவாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன், ஸார்" என்று கூறி அவர் நிறுத்தினார்.

அவர் கூற்றில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. மாதம் 10 பிரசவம் நடக்கும் ஒரு சிறு நிலையத்தைக் கொள்வோம். ஆண்டுக்கு 120 பிரசவங்கள். அவற்றுள் 100-க்கு 5 வீதம், காற்றுச் செலுத்த வேண்டிய சிசுக்கள் 6. முறைவைத்துப் பணிபுரியும் தாதியர் நால்வர் எனின், ஒவ்வொருவரும் அக்கருவியைக் கையில் எடுக்கும் சந்தர்ப்பம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். ஆண்டில் இருமுறை வீணையைத் தொடுபவர் கச்சேரி செய்ய முடியுமா? ஆண்டில் இருமுறை மட்டும் துடுப்புப் பிடிப்பவரை நம்பிப் புயலில் படகேறுவோமா? அடிக்கடி நேரும் வேலையைத் தொழிலே கற்பித்துவிடும். அரிதாக நேர்ந்து, நேரும்போது ஒரு நிமிஷமும் தாமதிக்க விடாத வேலையை, வேண்டுமென்றே அமைத்துக்கொண்ட பழக்கம்தான் கற்பிக்க முடியும். தீயணைக்கும் படையினர் தீ இல்லாத நாளிலும் குழாயை விரித்துச் சுருட்டுவது இதனாலன்றோ?

ஹைடம் ஆஸ்பத்திரியார் தம் தோல்வியோடு நின்றுவிடவில்லை. பொம்மையைப் பயிற்சிக்கூடத்தில் வைக்காமல், பிரசவ அறைக்கே கொண்டு வந்தனர். வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஒவ்வொருவரும் அதன்மேற் பழகும்படி ஏற்பாடு செய்தனர். அதன்பின் முதல் 24 மணி நேரத்துக்குள் இறக்கும் சிசுக்களின் தொகை 1000-க்கு 11.1-லிருந்து 7.2-ஆகக் குறைந்ததென்று 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆஸ்பத்திரி, அதே பை, பாடமும் பழையதே. ஒரு நாளை எடுத்து, ஆண்டு முழுவதும் ஐந்தைந்து நிமிஷமாகப் பகிர்ந்துகொண்டதே வேறுபாடு.

நமக்கு அணித்தாயுள்ள நேபாளத்திலும் இவ்வுண்மை விளங்கிற்று. காத்மாண்டு நகரத்துப் பரோபகார் மகப்பேற்று ஆஸ்பத்திரியில் பயிற்சியோடு வேறு சில வழக்கங்களையும் சேர்த்துக்கொண்டனர். நாள்தோறும் பையையும் முகமூடியையும் எடுத்துப் பழகிப் பார்த்தல், ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் செய்தது சரியா என்று தம்மைத் தாமே ஒரு குறிப்புத்தாளில் சோதித்தல், வாரந்தோறும் கூடி ஆராய்தல் என்பன அவை. முதல் நாளில் இறக்கும் சிசுக்கள் 1000-க்கு 5.2-லிருந்து 1.9-ஆகக் குறைந்தன என்று 2016-ஆம் ஆண்டில் அறிவித்தனர். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் நடத்திய முயற்சியோ இதனினும் வியப்புக்குரியது. 1995-ஆம் ஆண்டு முதல் 39 கிராமங்களில், குறைந்த பள்ளிப்படிப்பே உள்ள கிராமப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுப் பிரசவத்திலேயே சிசுவுக்கு மூச்சளிக்கவும் கற்பித்தனர். கற்பித்ததோடு விடாது, அடிக்கடி நேரிற் சென்று மேற்பார்த்துத் திருத்தினர். மூச்சுத்திணறலால் நேர்ந்த மரணம் அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. எனவே, பட்டம் பெற்ற கை, பெறாத கை என்ற வேற்றுமை இதில் இல்லை. பழகிய கை, பழகாத கை என்ற வேற்றுமையே உண்டு.

இவற்றைக்கொண்டு என் அபிப்பிராயத்தைச் சுருக்கிக் கூறுவேன். பிரசவம் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும், அது அரசாங்கத்தினுடையதாயினும், மிஷனுடையதாயினும், தனியாருடையதாயினும், நான்கு வழக்கங்கள் நிலைபெறுதல் வேண்டும். முதலாவது, பயிற்சிப் பொம்மை பிரசவ அறையிலேயே இருத்தலும், முறைமாறி வரும் ஒவ்வொரு தாதியும் வாரம் ஒருமுறையேனும் ஐந்து நிமிஷம் அதன்மேற் பழகுதலும். இரண்டாவது, ஆம்பு பையும் சிசுவுக்குரிய இரண்டு அளவு முகமூடிகளும் பூட்டில்லாத இடத்தில் இருத்தலும், ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்னும் பையை அழுத்திச் சோதித்தலும். மூன்றாவது, ஒரு சிசுவுக்கு மூச்சளிக்க நேர்ந்தபின், அது பிழைத்தாலும் இறந்தாலும், இருந்தவர் அனைவரும் கூடி, யாரையும் பழியாது, எந்த விநாடியில் என்ன செய்தோம் என்று பேசிக்கொள்ளுதல். நான்காவது, இம்மூன்றுக்கும் பொறுப்பாக அனுபவமுள்ள தாதி ஒருவரை நியமித்து, அதற்குரிய நேரத்தை அவர் வேலையிலேயே ஒதுக்கித் தருதல். இரண்டு நாட் பயிற்சியை நீக்கவேண்டும் என்று யான் சொல்லவில்லை. அது விதை, இந்நான்கும் தண்ணீர்.

இத்தோடு, கற்பிக்கும் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1847-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவர் தமிழாக்கிய மருத்துவ நூல்களுள் மகப்பேற்று நூலும் ஒன்று. நோயாளியின் அருகில் நிற்பவர் எம்மொழியில் எண்ணுகிறாரோ அம்மொழியிற் கற்றால்தான் அறிவு கைக்கு இறங்கும் என்பதை அவர் கண்டிருந்தார். இன்று நம் பயிற்சி வகுப்புகளில் ஆங்கிலத் தொடர்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் காண்கிறோம். நெருக்கடியில் நாவில் வருவது தாய்மொழி. "துடை; தேய்; தலையை நிமிர்த்து; மூடியைப் பொருத்து; அழுத்து; மார்பைப் பார்" என்று ஆறு கட்டளைகளைத் தமிழிற் சுவரில் எழுதி வைத்தால், புதிதாக வந்த தாதிக்கும் உதவி செய்யும் ஆயாவுக்கும் ஒருங்கே விளங்கும்.

இதற்கு எழும் மறுப்புகளை யான் அறிவேன். "தாதியர் தொகையே போதவில்லை, இருவர் வேலையை ஒருவர் செய்கையில் பொம்மையோடு பழக நேரம் ஏது?" என்பர். தொகை போதாதென்பது உண்மை. அதற்காக வாதாடுதலும் நம் கடமை. ஆயின் ஆள் குறைந்த இரவில்தான் அருகில் உதவிக்கு ஒருவரும் இரார்; தனியே நிற்பவருக்கே பழகிய கை பெரிதும் வேண்டும். "இன்னும் ஒரு பதிவேடா? பழகாமலே கையெழுத்திட்டு நிரப்பிவிடுவர்" என்பர் சிலர். இது நியாயமான அச்சம். நம் நாட்டில் பதிவேடுகளின் கதி யாவரும் அறிந்ததே. எனவே கையெழுத்தைச் சாட்சியாகக் கொள்ளாதிருப்போம். மேற்பார்வையிட வருபவர் பதிவேட்டைப் புரட்டாமல் பொம்மையை எடுத்துக் கொடுத்து, "காட்டுங்கள்" என்று கேட்கட்டும். பொம்மையின் மார்பு பொய் சொல்லாது. "மூச்சு மீட்டாலும் குறைமாதத்தாலும் நோய்த்தொற்றாலும் இறக்கும் சிசுக்கள் பலவன்றோ?" என்று கேட்பாரும் உளர். ஆம், பெலகாவி அதனைக் காட்டிற்று. பிரசவ வேதனையின்போது சிசுவின் நாடியைக் கவனித்தல், கதகதப்பு, தாய்ப்பால், சுத்தம் ஆகியனவெல்லாம் உடன் வேண்டும். எனினும் முதல் நிமிஷத்தைக் கடவாத சிசுவுக்கு மற்றவற்றால் யாது பயன்?

இனி, இக்கல்லூரியின் பழைய மாணவர்களை நோக்கி ஒரு வார்த்தை. உங்களுட் சிலர் ஆஸ்பத்திரிக் குழுக்களில் அமர்ந்து, புதுக் கட்டடத்துக்கும் புது யந்திரத்துக்கும் பணம் ஒதுக்குகிறீர்கள். வாசலில் பெயர் பொறித்த கல் நாட்டும் விழாக்களுக்கு நாங்களும் வந்து கைதட்டுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் பிரசவ அறைத் தாதியர் கடைசியாக எந்த நாளில் பையைக் கையில் எடுத்துப் பழகினர்?" விடையாக ஒரு தேதி வந்தால் மகிழுங்கள். சான்றிதழ் மட்டும் வந்தால் அன்றே எழுந்து பிரசவ அறைக்குச் செல்லுங்கள். அலமாரி பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்று என்னிடம் விலங்கியல் பயில்பவருள்ளும், நாளை தாதியராகவும் மருத்துவராகவும் ஆகப்போகிறவர் இருக்கின்றனர். அவர்களுக்கு யான் சொல்வது: சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுங்கள், ஆனால் அதனை நம்பாதீர்கள், உங்கள் கையை வாரந்தோறும் கேளுங்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் என் மருமகனுக்குப் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எழுத அவன் சம்மதம் வேண்டுமன்றோ? முழுவதும் கேட்டுவிட்டு, "மாமா, எட்டு நிமிஷம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஓர் ஓவர் போடும் நேரத்துக்கு இரண்டு மடங்கு" என்றான். பின் சற்று யோசித்து, "அந்த அக்கா இப்போது பழகிக்கொண்டிருப்பார்களா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அவன் கேள்வியை உங்களிடமே ஒப்படைக்கிறேன்.